எச்சில் சோதனை

சினைப்பையில் புற்று என்று தெரிந்ததிலிருந்து நோலீன் பர்செல் பாதியாகிப் போயிருந்தாள். கீமோ ஏறிய மறுநாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. எந்த மாத்திரைக்கும் வாந்தி அடங்காமல் போன பிறகுதான் டாம்வொர்த் நகரத்து டாக்டர் கஞ்சா எண்ணெய் எழுதிக் கொடுத்தார். படுக்கும்முன் நாக்கின் அடியில் சில சொட்டு. இரண்டே வாரத்தில் அவளால் ஒரு முட்டையை முழுசாகச் சாப்பிட முடிந்தது.

"ஆனா வண்டிய மட்டும் தொட்டுடாதீங்க. மறுநாளும் எச்சில்ல காட்டிக் குடுத்துடும். நான் எழுதின சீட்ட நீட்டினாலும் போலீஸ் கேஸ் போடுவாங்க, இங்க சட்டம் அப்படி" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து வண்டி ஓட்டுவது அவள் கணவன் டெஸ்தான்.

அந்த வியாழக்கிழமை காலை, ஆட்டுப்பட்டிக்குப் போன டெஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. முந்தின நாள் புயலில் ஃபோன் கோபுரம் சாய்ந்து, எந்த ஃபோனும் எடுக்கவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார்கள். வால்சா ஆஸ்பத்திரி முப்பத்தெட்டு கிலோமீட்டர்.

அவன் வாயில் ஓர் ஆஸ்பிரினைப் போட்டு மென்று விழுங்கச் சொல்லிவிட்டு, நோலீன் சாவியை எடுத்தாள்.

"கஞ்சா ராணி ஓட்டுறா, கங்காருங்களா, ஓடிப் போங்க" என்றான் டெஸ், மூச்சு வாங்க.

"வாய மூடிட்டு உக்காரு, கிழவா."

தலை தெளிவாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ரோட்டுக் கோடு வளைகிறதா, என் கண்தான் வளைக்கிறதா? எதிரே வெள்ளைக் கார் தெரியும்போதெல்லாம் போலீஸோ என்று உற்றுப் பார்த்தாள். பத்து கிலோமீட்டர் தாண்டியதும் டெஸ் பேசுவதை நிறுத்தினான். அதற்குப் பிறகு போலீஸ் பயம் சின்னதாகிவிட்டது.

"டெஸ்! ஏதாவது பேசு. என்னைத் திட்டு."

அவன் தலை ஜன்னலில் சாய்ந்தது, கழுத்தில் வேர்வை வழிந்தது.

ஊர் எல்லைப் பாலத்தருகே போலீஸின் போதைச் சோதனை வண்டி நின்றிருந்தது. நாலு கார் வரிசையில். ஓடைப் பாதையில் திரும்பினால் தப்பிக்கலாம், ஆனால் பத்து நிமிஷம் கூடும். நோலீன் ஹாரனை அழுத்தியபடியே வரிசையைத் தாண்டிப் போய் நிறுத்தினாள்.

"என் புருஷனுக்கு நெஞ்சு வலி! நேத்து ராத்திரி நான் கஞ்சா எண்ணெய் எடுத்தேன். என்னை என்ன வேணா பண்ணுங்க, இவரக் கொண்டு போங்க!"

போலீஸ்காரர்கள் இருவர் டெஸ்ஸைத் தங்கள் காரின் பின்சீட்டுக்கு மாற்றினார்கள். ஒருவர் சைரனோடு கிளம்பினார். நோலீனும் பின்னால் ஓடினாள். மற்றொருத்தி, இளம் போலீஸ்காரி, நோலீனின் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க ஓட்டிட்டு வந்ததால உங்களச் சோதிச்சே ஆகணும்மா. மன்னிச்சிடுங்க."

நோலீன் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். முடிவு வரப் பல நிமிஷங்கள். அத்தனை நிமிஷமும் சைரன் சத்தம் தேய்ந்து போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அங்கே தனியாகச் செத்துக்கொண்டிருக்கிறானோ?

சோதனை காட்டிக் கொடுத்தது. அந்தப் பெண்தான் அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டாள்.

டெஸ் பிழைத்தான். டாம்வொர்த்துக்குத் தூக்கிப் போய், அடைபட்ட ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து நீதிமன்றத்தில் மாஜிஸ்திரேட் கோப்பை நெடுநேரம் படித்துவிட்டு, குற்றவாளி என்று பதியாமலே அவளை விட்டார். அடுத்த முறை இப்படி இருக்காது என்றும் சொன்னார்.

இப்போதெல்லாம் படுக்கும்முன் எண்ணெய்க் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நோலீன் கேட்பாள்: "நெஞ்சு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு, போட்டுக்கோ."

"நெஜமா?"

"நெஜமாடீ."

அப்புறமும் கொஞ்ச நேரம் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் மூடியைத் திறப்பாள்.