பதினேழாம் எண் தகடு

வெல்டிங் வகுப்பில் அவளுக்கு வைத்த பெயர் நிதானம். புகழ்ச்சி இல்லை, கிண்டல். மற்றவர்கள் நாலு தகடு ஒட்டி முடிக்கும் நேரத்தில் அவள் ஒன்றையே கட்டிக்கொண்டு அழுவாள். ஒவ்வொரு வரி ஒட்டியதும் மேலே படிகிற கசடைச் சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஊதிப் பார்த்து, மறுபடியும் தட்டுவாள்.

"தகட்டுக்குப் பல்லு விளக்கியாச்சா? அப்படியே தலையும் பின்னி விட்டுடு!"

பட்டறையே சிரிக்கும்.

பக்கத்து மேசையில் சித்தப்பா மகள். முதலாண்டில் பதக்கம் வாங்கியதிலிருந்து அவள் பெயர் மெடல். எழுத்துத் தேர்வில் மெடலுக்கு எண்பத்து நாலு, நிதானத்துக்கு முப்பத்தெட்டு. அம்மா அதை ஆறு மாதமாக ஆற விடவில்லை. "ஒரே வீட்டுத் தண்ணியத்தானேடி ரெண்டு பேரும் குடிக்கிறீங்க? உன் மண்டையில மட்டும் ஏன் ஏறல?" மெடல் சிரித்தால் நிதானத்துக்கு வயிறு எரியும். அன்பாக "அக்கா" என்று கூப்பிட்டால் இன்னும் எரியும்.

இறுதித் தேர்வு வந்தது. ஒட்டிய தகட்டை இயந்திரத்தில் வைத்து வளைப்பார்கள். விரிசல் விடாவிட்டால் டாங்க் தொழிற்சாலையில் வேலை. விட்டால் இன்னொரு வருடம் இதே மேசை.

மெடல் அரை மணி முன்னதாகவே முடித்து எழுந்துவிட்டாள். அவள் ஒட்டிய வரி மீன் செதில் போல் மின்னியது. நிதானத்தின் வரியோ கம்பளிப்பூச்சி ஊர்ந்த தடம்.

எண் பொறிக்கும் அச்சு தொலைந்துபோனதால் தகடுகளில் சாக்பீஸால்தான் எழுதியிருந்தார்கள். அவளுடையது பதினேழு, மெடலுடையது பதினெட்டு. மாஸ்டர் டீ குடிக்கப் போனார். நிதானத்தின் கட்டைவிரல் இரண்டு எண்களையும் அழித்தது. சாக்பீஸ் இடம் மாற்றி எழுதியது.

"பதினெட்டு!" மாஸ்டர் இயந்திரத்தை அழுத்தினார். தகடு லாடமாக வளைந்தது. ஒரு கீறல் இல்லை. "மேல் வரி இன்னைக்குச் சுமார்தான். ஆனா உள்ளே இரும்புக் கோட்டைம்மா!"

எல்லோரும் கை தட்டினார்கள்.

"பதினேழு!" பாதி வளைவதற்குள் டப்பென்று பிளந்தது. மாஸ்டர் பிளவைத் தூக்கிக் காட்டினார். நடுவில் கறுப்பாகக் கசடு.

"மேல பவுடர் பூசிட்டு உள்ளே குப்பைய வெச்சிருக்கியே! நாள் பூரா என்னத்தத்தான் தட்டினே?"

நிதானம் வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் திருட்டையும் சேர்த்துச் சொல்லவேண்டும். மூடிக்கொண்டாள்.

மெடல் வளைந்த தகட்டைக் கையில் எடுத்தாள். கம்பளிப்பூச்சித் தடத்தின் மேல் விரலை ஓட்டினாள். தலைநிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். பிறகு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள்.

வாசலில் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அக்கா, அவ்வளவு சுத்தமா எப்படித் தட்டுறே?"

"முப்பத்தெட்டு மார்க்குக்காரிகிட்டயா கேக்குறே?"

"திங்கக்கிழமை தொழிற்சாலையில மறுபடியும் ஒட்டச் சொல்வாங்களாம். எனக்கு அப்படி வராதுக்கா. உன் கை எனக்கு இல்ல."

மெடலின் கண் நிதானத்தின் கையிலேயே நின்றது. அந்தப் பார்வையை நிதானத்துக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருடமாக அவளே மெடலைப் பார்த்துவந்த பார்வை. எவ்வளவு ஆசைப்பட்டிருப்பாள், மெடல் ஒரு தடவையாவது தன்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டுமென்று!

பட்டுவிட்டாள். வேலை மட்டும் மெடலுக்கு.