லிஃப்டில் ஏறாத பலகை

என் வீட்டுக்காரர் தனசேகரன் அடுத்தவர் வாசலை அளப்பதில் மகா கெட்டிக்காரர். மேசை, அலமாரி, ரேக் என்று எந்தக் கடைக்காரர் கூப்பிட்டாலும் முதலில் கடையை அளக்க மாட்டார். லாரி நிற்கும் இடத்திலிருந்து கதவு, படி, திருப்பம் என்று வழியை அளந்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். "உள்ள போகாத சாமான எவ்வளவு அழகா செஞ்சு என்ன புண்ணியம்?" என்பார். லிட்டில் இந்தியாவில் பாதிக் கடைகளை இப்படித்தான் நிரப்பியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் எங்கள் சொந்தக் கட்டடத்தின் லிஃப்டை அளக்க மறந்துபோனார்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அன்று எனக்கு வரவில்லை.

எங்கள் பட்டறை தோ பாயோவில், பல கம்பெனிகள் அடுக்கடுக்காக இருக்கும் தொழிற்கூடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. பழைய சரக்கு லிஃப்டில் ஒரு யானையை ஏற்றிவிடலாம். போன மாதம் அதைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று புது லிஃப்ட் போட்டார்கள். கைதட்டாத குறையாக வரவேற்றோம். உள்ளே இடம் சுருங்கியிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

ஹம்னாவின் கடைக்குச் செய்த மேசைப் பலகை அதற்குள் போகவில்லை. நிறுத்திப் பார்த்தார்கள், சாய்த்துப் பார்த்தார்கள், என் வீட்டுக்காரர் லிஃப்டைத் திட்டியும் பார்த்தார். மறுநாள் காலை ஃபேரர் பார்க்கில் அவளுடைய துணிக்கடைத் திறப்பு விழா.

ஹம்னா பல வருடம் இன்னொருவர் துணிக்கடையில் நின்று வேலை பார்த்தவள். அங்கே துணி விரிக்கும் மேசையில் நடுவில் ஓர் இணைப்பு. ஒருநாள் பட்டு அதில் மாட்டிக் கிழிந்து, வாடிக்கையாளர்கள் எதிரிலேயே முதலாளி அவளைக் கண்டபடி ஏசியிருக்கிறார். சொந்தக் கடைக்கு மேசை கேட்டு வந்தபோது அதைச் சொல்லிவிட்டு, "அந்த மேசை நீங்க செஞ்சதுதான் அங்கிள்" என்றாள். கோபமே இல்லை. "என் கடையில துணி எங்கயும் மாட்டக்கூடாது. அதுக்குத்தான் உங்ககிட்டயே வந்தேன்."

அன்றிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போயிற்று. அலைந்து திரிந்து, கடை நீளத்துக்கு ஒரே துண்டாகத் தேக்குப் பலகை பிடித்து, பழைய லிஃப்ட் இருந்தபோதே மேலே ஏற்றிவிட்டார். இழைத்தார், தடவினார், மறுபடி இழைத்தார். நான் சாப்பிடக் கூப்பிட்டால் பலகைதான் பதில் சொல்ல வேண்டும்.

"நடுவுல அறுத்துடலாம்ணே, கடையில போய் ஒட்டிக்கலாம்" என்றார் எங்கள் தச்சர் செல்லக்கண்ணு. "படியில இறக்கணும்னா ஆள் வேணும். நம்ம பசங்க எல்லாம் அங்க கடையில ரேக் மாட்டிக்கிட்டு இருக்காங்க."

என் வீட்டுக்காரர் ஹம்னாவுக்கு ஃபோன் போட்டார். சரக்கை வேனில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போய்க்கொண்டிருந்தவள் அப்படியே வந்துவிட்டாள். பலகையைப் பார்த்தாள், லிஃப்டைப் பார்த்தாள்.

"அறுக்காதீங்க அங்கிள். மேசை இல்லாமலே திறந்துக்கறேன்."

"நம்ம கம்பெனி ஒத்துக்கிட்ட கடை எதுவும் மேசை இல்லாம திறந்ததில்லமா" என்றார். குரல் உடைந்துவிட்டது. அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை.

படிக்கட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு கீழே ஓடினேன். ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கட்டடத்தில் பாதிப் பேரோடு எனக்குத் தகராறு. தள்ளுவண்டியை வழியில் விடுகிறார்கள், லிஃப்டைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்று சண்டை போடாத நாள் கிடையாது. என் தலை தெரிந்தாலே கதவைச் சாத்துவார்கள். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உதவி கேட்பது?

கீழ்மாடியில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் ஆரிஃப் என்னைப் பார்த்ததும், "அக்கா, வண்டிய எடுத்துட்டேன்க்கா!" என்று பதறினான்.

"வண்டி கெடக்கட்டும். அண்ணன் பலகை இறங்க மாட்டேங்குது, ஆள் வேணும்" என்றேன்.

"இத சொல்ல வேண்டியதுதானே லா!" என்று மிஷினை நிறுத்திவிட்டுத் தன் ஆட்களோடு மேலே ஓடினான்.

அவன் கடைக்குள் அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். காகிதம் அடுக்கியிருந்த ரேக் எங்களுடையது. ஒரு காலத்தில் கேம்பல் லேனில் வீடியோ கேசட் தாங்கி நின்றது. கேசட் போய் சிடி வந்தது. சிடியும் போன பிறகு என் வீட்டுக்காரர் அதை அகலப்படுத்தி இவனுக்குக் கொடுத்தார். அவன் மாடிக்கும் கீழே இறங்கினேன், சீனக்கார கோ அம்மாவின் ரொட்டிக்கூடம். ரொட்டி ஆறவைக்கும் சக்கர ரேக்குகளின் இரும்பு, முன்பு ஃபோன் கார்டு விற்ற கடையினுடையது. அடுத்த மாடியில் மூக்குக்கண்ணாடி லென்ஸ் தேய்க்கும் நடராசா அண்ணையின் இழுப்பறைகளில் முன்பு ஒரு நகைக்கடையின் மோதிரங்கள் இருந்தன. எல்லாம் எனக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் நான் வாயைப் பிளந்து நின்றேன். எங்கள் கம்பெனிக்குச் சரித்திரம் எழுதினால் இரண்டு பக்கம் தேறாது என்று நினைத்திருந்தவள் நான். அது மாடிக்கு மாடி நின்று வேலை செய்துகொண்டிருந்தது.

ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை. மாவுக் கையோடு வந்தார்கள், மை படிந்த கையோடு வந்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் பலகையை நிமிர்த்தி, கைப்பிடிக்கு மேலே தூக்கி, கீழே நிற்பவர் தோளுக்கு மாற்ற வேண்டும். தமிழ், மலாய், சீனம் எல்லாவற்றிலும் கத்தல். "பொறுங்கோ, பொறுங்கோ! தனசேகரன், உங்கட பக்கம் கொஞ்சம் உயர்த்துங்கோ" என்று நடராசா அண்ணை முன்னால் நின்று வழி சொன்னார். ஹம்னாவும் முக்காட்டை இறுக்கிக்கொண்டு தோள் கொடுத்தாள். ஓரிடத்தில் எல்லாருடைய கைகளுக்கும் மேலே பலகை ஒரு கணம் மிதந்த மாதிரி நின்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கீழே சரக்கு ஏற்றும் இடத்தில் ரொட்டிக் கூடைகளைக் கவிழ்த்து அவற்றின்மேல் பலகையை வைத்தார்கள். ஒரு கீறல் இல்லை.

கோ அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பலகையைச் சுற்றி வந்தார். "இதில் என்ன விற்கப்போகிறாய்?" என்று மலாயில் கேட்டார். ஹம்னா வேனைத் திறந்து காட்டினாள். அவர் கிளிப்பச்சையில் ஒரு துணிச்சுருளைத் தொட்டு, மகளுக்குச் சட்டை தைக்க வேண்டும், இப்போதே வெட்டித் தா என்றார்.

ஹம்னா தயங்கினாள். நாளைக்கு துவா ஓதி, அவள் அம்மா முதல் துணி வாங்குவதாக ஏற்பாடு. சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தாள். பிறகு மெல்ல "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிச் சுருளைப் பலகைமேல் உருட்டிவிட்டாள்.

என் வீட்டுக்காரர் வழக்கம்போல லாரியைக் கூப்பிட நகர்ந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"எங்க போறீங்க? நில்லுங்க."

மேசையை இறக்கி, தூசி தட்டி, கடை திறக்குமுன்னே கிளம்பி அடுத்த வேலைக்கு ஓடுவதுதான் எங்கள் பிழைப்பு. நாங்கள் செய்த மேசையில் முதல் வியாபாரம் நடப்பதை நானும் பார்த்ததில்லை, அவரும் பார்த்ததில்லை.

ஹம்னா அளந்து, கத்தரிக்கோலை வைத்தாள். சர்ரென்று துணி பிரிந்தது. கோ அம்மா அதை மார்போடு வைத்துப் பார்த்துச் சிரித்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"பாக்கியம், எல்லாக் கடையிலும் இப்படித்தான் இருந்திருக்குமா?" என்று கேட்டார்.