ஆறு வருடம் என்று போட்டது யார்?

1

இது கற்பனையில் உதித்த கதை இல்லை. விளக்கக் கடிதமாகப் பிறந்தது. எங்கள் முதலாளி மணிமாறன் கேட்டார்: "கதையெல்லாம் வேணாம் கலைப்பிரியா. யாரு போட்டதுன்னு ஒரே வரில எழுதிக் குடு. ஜல்தி." அந்த ஒரு வரி வராமல்தான் இவ்வளவையும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திண்டிவனத்தில் எங்களுடையது மருத்துவ பில்லிங் ஆபீஸ். விழுப்புரத்து நர்சிங் ஹோம் ஒன்றின் இன்சூரன்ஸ் விண்ணப்பங்களைப் பார்க்கிறோம். வேலை பாதிப் பாதி. நோயாளியின் பெயர், வயது, நோய் எல்லாம் அங்கே ரிசப்ஷனில் இருக்கும் லூசியா ஏற்றுவாள். சிகிச்சைக்குரிய குறியீட்டு எண்கள், நாட்கள், கட்டணம் எல்லாம் நான். "இந்த நோய் எத்தனை வருடமாக?" என்ற கட்டம் மட்டும் யார் பங்கிலும் சேராதது. நோயாளியைப் பார்க்கிறவர்கள் நீங்கள்தானே என்போம் நாங்கள். நம்பரெல்லாம் உங்கள் வேலை என்பார்கள் அவர்கள். காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாது. ஆகவே யாருக்கு அவசரமோ அவர் ஏதோ ஒரு எண்ணைத் தட்டிவிடுவார்.

(இரண்டு ஊருக்கும் ஒரே பாஸ்வேர்டு. தட்டியது யார் என்று கம்ப்யூட்டருக்கும் தெரியாது.)

2

முதல் தொடக்கம்: "பெருமுக்கல் கிராமத்து அம்சவள்ளிக்கு இரண்டு மாதமாகத்தான் வயிற்றுவலி." உண்மை. ஆனால் அம்சவள்ளியின் கட்டத்தில் 6 என்று இருந்தது. அவள் பாலிசி எடுத்து ஒரு வருடம்தான் ஆகிறது. ஆறு வருட நோயை மறைத்துவிட்டாள் என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. பித்தப்பைக் கல் ஆபரேஷன் நின்றுபோனது. தட்டியவர் இன்று பன்னிரண்டு மணிக்குள் தவறை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் அனுமதி தருவார்களாம். எழுதிக் கொடுப்பவருக்கு வேலை போய்விடும். மணிமாறனும் நர்சிங் ஹோம் டாக்டரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

இரண்டாவது தொடக்கம்: "லூசியா நல்ல பெண்தான், ஆனால்

வேண்டாம். அந்த 'ஆனால்' என்னைக் காட்டிக்கொடுக்கிறது.

3

சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. காலையில் போனில் கேட்டபோது லூசியா சிரித்தாள். எதற்குச் சிரிப்பு? "ஞாபகம் இல்லக்கா, அன்னிக்கி செம கூட்டம்" என்றாள். தப்பு செய்தவர்கள் வாயில் முதலில் வருவது இதுதானே! டோக்கன் கொடுப்பதும் போன் எடுப்பதும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் அவள் ஒருத்தி. கை தவறாமல் இருக்குமா? எனக்கும் ஞாபகமில்லை என்றுதான் நானும் சொன்னேன்.*

* காலிக் கட்டம் வந்தால் முந்தைய நோயாளியின் கட்டத்தில் இருப்பதை அப்படியே எடுத்து ஒட்டும் பழக்கம் எனக்கு உண்டு. அம்சவள்ளிக்கு முந்தையவருக்கு ஆறு வருடச் சர்க்கரை. (மணிமாறனுக்குக் கொடுக்கும்போது இந்தக் குறிப்பை வெட்டிவிட வேண்டும்.)

4

பதினொன்றரைக்கு லூசியாவே கூப்பிட்டாள்.

"அக்கா, நான்தான் போட்டேன்னு எழுதிடுக்கா. அந்தம்மா வவுத்தப் புடிச்சிக்கினு பெஞ்சுலயே சுருண்டுகினு கெடக்குது. பாக்கவே பேஜாரா இருக்குது."

"நீதான் போட்டியா?"

"யாருக்குத் தெரியும்? ரெண்டு பேருமே இல்லன்னு சொல்லிக்கினு இருந்தா அதும் கதி என்னக்கா?"

வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு, படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியும் விட்டாள். அப்போதும் எனக்கு முதலில் தோன்றியது, செய்யாதவள் எதற்கு ஒப்புக்கொள்கிறாள் என்பதுதான். சீ, என்ன மனுஷி நான்!

5

முடிவு ஒன்று: லூசியா பெயரில் கடிதம். ஆபரேஷன் நடக்கும். நான் நாளையும் இதே நாற்காலியில் உட்காருவேன்.

முடிவு இரண்டு: என் பெயரில் கடிதம். ஆபரேஷன் நடக்கும். நான்

இரண்டிலும் அம்சவள்ளி பிழைத்துக்கொள்வாள். அவளைச் சாக்குச் சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை.

இரண்டு கடிதங்களையும் அச்செடுத்தாயிற்று. மணிமாறன் மாடிப்படி ஏறி வருகிறார். எதை நீட்டட்டும், நீங்களே சொல்லுங்கள். அதற்கு முன் ஒன்று: இவ்வளவு நேரமும் நீங்கள் லூசியாவைச் சந்தேகப்பட்டிருந்தால் அது உங்கள் தப்பில்லை. அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தேன்.