இரண்டு லாம்ப்ரோஸ்

எங்கள் நாட்டில் மற்ற புனிதர்கள் ஆற்றோரமோ சந்தையோரமோ, வைத்த இடத்தில் இருந்துகொள்வார்கள். இந்த எலியாவுக்கு மட்டும் கோயில் கட்ட மலை உச்சியைத் தவிர வேறு இடம் ஆகாது. அறுபத்தாறு வயதில், தேய்ந்த முட்டியோடு, ஜூலை வெயிலில் தன்னந்தனியாக ஏறும்போதுதான் அது எவ்வளவு பெரிய அடாவடி என்று எனக்கு உறைத்தது.

காலை ஆறரைக்குப் பேருந்து பள்ளத்தாக்கில் இறக்கிவிட்டது. ஒன்றரை மணி நேர ஏற்றம். எனக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பத்தடிக்கு ஒரு கல்லைப் பார்த்து உட்கார்ந்துவிடுவேன். எழுந்திருக்கும்போதெல்லாம் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றும்.

அக்கா ஃப்ரோசோவைப் பார்க்கத்தான் இந்தப் பாடு. முப்பத்திரண்டு வருஷம் நான் ஜெர்மனியில் கார்ப் பட்டறையில் கிடந்தேன். அம்மா ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தாள், நான் வரவில்லை. அவள் சாவுக்கும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், நான்தான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஃபோனில் என் குரல் கேட்டாலே அக்கா வைத்துவிடுவாள். வீட்டுக்குப் போனால் கதவைச் சாத்துவாள். ஆனால் அப்பா இறந்தது எலியா திருநாளன்று. அதனால் வருஷா வருஷம் இதே நாளில் இறந்தவர்கள் பேரில் எல்லாருக்கும் கொடுக்கக் கோதுமை அவித்து இந்த உச்சிக்கு எடுத்து வருவாள். அங்கே வைத்துக் கேட்டுப் பார்ப்போம். வீட்டுக்கு வா என்று அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். இல்லையென்றால் மாலைப் பேருந்து, அதோடு எனக்கு ஊர் என்று ஒன்று இல்லை.

பாதி வழியில் ஊற்றடி. ஆட்டுக்காரன் ஒருவன் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"மிஸ்டர்! கோல்டு வாட்டர்! கம், கம்!"

என் தொப்பியும் இரண்டு அலுமினிய ஊன்றுகோல்களும் செய்த வேலை.

"மிஸ்டரும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம். கொஞ்சம் தள்ளு, தண்ணி குடிக்கணும்."

"அட, நம்மாளு!" என்று சிரித்தான். "காசு செலவழிச்சு மலையேறிக் காலை ஒடைச்சுக்கறது வெளிநாட்டுக்காரன் மட்டுந்தான்னு நெனச்சேன். நான் ஸ்டெர்ஜியோஸ். பெரியவர் யாரு வீட்டுப் புள்ளை?"

எங்கள் பக்கத்தில் யாரும் தப்பிக்க முடியாத கேள்வி. ஃப்ரோசோ வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

"ரொம்ப நாளா ஊர்ல இல்லப்பா."

"அதைக் கேக்கலையே. யாரு வீடுன்னு கேட்டேன்."

"மேல பூசை முடிஞ்சிருக்குமா?"

"உங்க நடைக்கு அடுத்த வருஷப் பூசைக்குப் போய்ச் சேருவீங்க!"

போய்ச் சேர்ந்தபோது பாதிரியார் சீட்டுகளை வாசிக்கத் தொடங்கியிருந்தார். கோயில் அடக்கமானது, பாதிக் கூட்டம் வெளியில் கருவாலி மர நிழலில். நானும் ஒண்டிக்கொண்டேன். வீட்டுக்கு இரண்டு சீட்டு கொடுப்பார்கள்: உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்று, இறந்தவர்களுக்கு ஒன்று. வெறும் பெயர்கள்தான். யார் வீட்டு ஆள் என்பது கடவுளுக்குத் தெரியும்.

"ஃப்ரோசோ," என்று வாசித்துவிட்டு அவர் அடுத்த வீட்டுச் சீட்டை எடுத்தார். உயிரோடு இருப்பவர்களில் எங்கள் வீட்டுக்கு அந்த ஒரு பெயர்தான்.

பிறகு இறந்தவர்கள். "கீட்சோஸ்." அப்பா. "அலெக்சாந்திரா." அம்மா. "லாம்ப்ரோஸ்." தாத்தா, அவர் பெயரைத்தான் எனக்கு வைத்தார்கள். பாதிரியார் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"ஒரே பேரு ரெண்டு தடவை இருக்கேம்மா?"

"ரெண்டு பேரு சாமி. வாசிங்க." அக்காவின் குரல்.

"லாம்ப்ரோஸ்," என்று வாசித்தார்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அசதிதான் வந்தது. அப்படியே மரத்தடியில் உட்கார்ந்தேன். செத்துப்போன சேதியை எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லையே என்று ஒரு கிறுக்கு நினைப்பு.

பூசை முடிந்து அக்கா கோதுமை கொடுத்துக்கொண்டே வந்தாள். எழுபத்தொன்று. கூன் விழுந்துவிட்டது. என் முன்னால் கரண்டி நின்றது. பார்த்தாள்.

"பிடி."

காகிதக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். வாங்குகிறவர்கள் இறந்தவருக்காக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

"சொல்லு. எல்லாரும் சொல்லிட்டாங்க."

"கடவுள் மன்னிக்கட்டும்."

"அவருக்கென்ன, மன்னிச்சிருவாரு. ஆறு வருஷம் அம்மாவைப் புரட்டிப் போட்டுக் குளிப்பாட்டினது அவரா?"

"நீதான்க்கா."

"லாம்ப்ரோ வந்தாச்சா, வந்தாச்சான்னு கேட்டுக்கிட்டே கெடந்தா. நாளைக்கு வருவான்னு தெனமும் பொய் சொன்னேன். அவ போனப்புறமும் வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா எட்டிப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சலிச்சுப்போச்சுடா. செத்தவனுக்குன்னா காத்திருக்க வேணாம் பாரு. அதான் எழுதிட்டேன்."

"தப்பு என்மேலதான்க்கா. எல்லாம் என்மேலதான்," என்றேன். அழுகை வந்துவிட்டது.

"சாப்பிடு. மூச்சு வாங்குது உனக்கு," என்று அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

சாப்பிட்டேன். திராட்சையும் சர்க்கரையும் போட்டு, அம்மா செய்கிற அதே பக்குவம். பசி வேறு, கிண்ணத்தை வழித்துத் தின்றேன்.

கூட்டம் இறங்கியது. வா என்று அவள் சொல்லவில்லை. பெரிய செப்புப் பாத்திரத்தைத் தூக்கப் பார்த்தாள், இடுப்பு விடவில்லை. ஊன்றுகோல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய் அதன் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தேன். விடு என்றும் சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். முட்டி உயிர்போக வலித்தது.

ஊற்றடியில் ஸ்டெர்ஜியோஸ் ஆடுகளை நிழலுக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

"ஃப்ரோசோக்கா, யாரு வீட்டு ஆளு இவரு? காலையில கேட்டேன், வாயே தெறக்கலை."

அக்கா நின்றாள். பாத்திரத்தைக் கீழே வைக்கவில்லை.

"எங்க வீட்டுச் செத்தவன்," என்றாள். "தூக்க ஆளில்லைன்னு எழுப்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."