கயிறு கட்டிச் சுட்ட துப்பாக்கி

குடலிறக்க அறுவைக்காக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வைனாண்ட் துப்பாக்கிப் பட்டறையைத் தம்பி ஃபானிடம் விட்டிருந்தான். விட்ட புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது.

எப்போதும் இரும்பு வேலை வைனாண்டுடையது, மர வேலை ஃபானுடையது. தங்கை எல்சபேயின் கணவன் லோரன்ஸ், காட்டெருமை வேட்டைக்கு ஆட்களை அழைத்துப் போகிறவன். அவனுக்காகத்தான் பழைய ஜெர்மன் ராணுவத் துப்பாக்கி ஒன்றை எடுத்து, பழைய குழலுக்குப் பதில் புதுக் குழல் மாட்டி, பெரிய தோட்டா போடும் வேட்டைத் துப்பாக்கியாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். பாதியில் வைனாண்டின் வயிறு காலை வாரிவிட, மீதியை ஃபான் முடித்துவிட்டான்.

முற்றத்தில் மொபானி விறகு கனன்றுகொண்டிருந்தது. சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்த எல்சபேயைத் தாண்டி துப்பாக்கியோடு வந்த லோரன்ஸ், வெற்றுத் தோட்டாக்களைப் போட்டு, தோட்டாவை உள்ளே பூட்டும் போல்ட்டை முன்னும் பின்னும் தள்ளி வைனாண்டிடம் காட்டினான்.

"எண்ணெய் தடவுன மாதிரி வழுக்குது மச்சான். சின்ன மச்சான் கை கைதான்!"

வைனாண்டுக்கு அந்த வழுக்கலே பிடிக்கவில்லை. போல்ட்டை உருவிவிட்டு உள்ளே விரலை விட்டுத் தடவினான். முகம் கறுத்தது.

"டேய் ஃபான், தோட்டாப் பெட்டிய நீட்ட மொத்தத்தையும் முன்பக்கமே அறுத்தியா?"

"தோட்டா நீளம்ணே. இடம் பத்தல."

"பின்பக்கமும் கொஞ்சம் எடுக்கணும்னு சொன்னேனா இல்லையா? போல்ட்டுக்கு முன்னால ரெண்டு காது இருக்கு. வெடிக்கிறப்ப அது ரெண்டும் இங்க உள்ள திண்டுல முட்டித்தான் நிக்கும். கீழ்த்திண்ட பாதிக்கு மேல சுரண்டிட்டியே, பாவி! அது விட்டுச்சுன்னா போல்ட்டு பின்னால வந்து சுடுறவன் மூஞ்சியில அடிக்கும்டா!"

"உடனே ஆரம்பிச்சிட்டியாண்ணே. நேத்துச் சுட்டுப் பாத்தாச்சு, ஒண்ணும் ஆகல. நான் தொட்டாலே உனக்குக் குத்தம்தான்."

"நாளைக்கு விடிஞ்சதும் கிளம்பணும் மச்சான், ஆளுங்க வந்து உக்காந்திருக்காங்க," என்றான் லோரன்ஸ். "சுட்டுப் பாத்ததுக்கு அப்புறம் என்ன?"

அப்போதுதான் வைனாண்ட் குழலின் அடியைப் பார்த்தான். அப்பா காலத்திலிருந்து பட்டறையில் குத்தும் அவர் முத்திரை அங்கே பளிச்சென்று இருந்தது. அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. புதுத் துப்பாக்கியைப் பழைய டயரில் கட்டி, சுவருக்குப் பின்னால் நின்று கயிற்றால் விசையை இழுப்பது இந்தப் பட்டறையின் வழக்கம். அதைத் தாங்கினால், செய்தவனே கன்னத்தை வைத்துச் சுடவேண்டும். முத்திரை அதற்கப்புறம்தான்.

"நேத்து எப்படிடா சுட்ட? டயர்லயா, தோள்லயா?"

ஃபான் குனிந்து நெருப்பில் ஒரு விறகைத் தள்ளினான்.

"கேக்குறேன்ல?"

"டயர்ல. தோள்ல வச்சா மட்டும் என்ன, இப்பவே சுடுறேன். எல்லாரும் பாத்துக்குங்க!"

துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு மண்மேட்டுக்கு எதிரே போய் நின்றான். நிஜத் தோட்டாவைப் போட்டான், தோளுக்கு உயர்த்தினான். வைனாண்ட் தடுக்க ஓடினான். தையல் போட்ட இடம் சுரீரென்று இழுத்ததில் நடுவழியிலேயே மடங்கி நின்றுவிட்டான்.

தடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஃபானின் கன்னம் துப்பாக்கியின் மரக்கட்டையில் இறங்கவே இல்லை. கழுத்து விறைத்து, முகம் ஒரு பக்கமாய் விலகிக்கொண்டே போனது. துப்பாக்கியை இறக்கித் தோட்டாவை எடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் டயர் பக்கம் நடந்தான்; ஆணியில் தொங்கிய கயிற்றுக்குக் கை நீண்டது.

எல்சபே இடுக்கியைக் கீழே போட்டாள்.

"ஏன் சின்னண்ணே, காட்டெருமை முட்ட வர்றப்ப அந்த டயரையும் கயித்தையும் என் புருஷன் எங்க கட்டுவாரு?"

கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது. லோரன்ஸ் தன் கன்னத்தை ஒருமுறை தடவிக்கொண்டான். அப்புறம் ஃபானிடமிருந்து துப்பாக்கியை வாங்கி வைனாண்டிடம் நீட்டினான்.

"என் துப்பாக்கிய எடுத்துட்டுப் போ மாப்ளே," என்றான் வைனாண்ட். "அலமாரியில இருக்கு."

"அண்ணே, தெரியாம..." என்று ஃபான் ஆரம்பித்தான்.

"தெரியாமயா? உன் மூஞ்சிக்குத் தெரிஞ்சிருக்கேடா! நீ கன்னம் வைக்கப் பயந்ததுல தங்கச்சி புருஷன் கன்னத்த வைக்கப் பாத்தியே, நீயெல்லாம் மனுஷனா?"

கட்டையைக் கழற்றித் தம்பியின் காலடியில் எறிந்தான். அது ஃபானின் வேலை, அதில் ஒரு குறையும் இல்லை. பட்டறைக்குள் போய் இரும்பை வைஸில் வைத்து இறுக்கினான். திண்டு கெட்ட அந்தத் துப்பாக்கி உடலை இரண்டாக அறுக்கக் கிரைண்டர் தயாராகக் கிடந்தது. அதை எடுக்கும் முன் அரத்தை எடுத்து, அப்பாவின் முத்திரையைத் தேய்க்க ஆரம்பித்தான்.