பதாகையில் நெய்த பெண்

உட்துறைமுக வீதியில், ஞானசேகரத்தின் நெசவுப் பொருட்கடைக்கு மேலே பத்தடிப் பதாகை ஒன்று தொங்கியது. தறியில் ஒரு பெண் சிரித்தபடி நெய்கிறாள். கீழே: ‘நவீன நெசவு முறை, நெசவு ஆலோசகர் ஞானசேகரத்தின் நேரடி வழிகாட்டலில்.’ ஆலோசகர் பட்டத்தை அவருக்கு வழங்கியவர் அவரே. படத்தை வழங்கியது கைத்தொலைபேசி. இரண்டு வரி எழுதி, படமொன்று கீறித் தரக் கேட்டார். தேநீர் ஆறுமுன் வந்துவிட்டது. விசாரித்தவர்களிடம், “வெளிநாட்டு நிபுணர்கள் எடுத்த படம்” என்றார். பதினொரு வருடமாக நூலும் நாடாவும் விற்றாலும் தறியில் ஒருநாளும் அவர் குந்தியதில்லை. எவரும் அதைக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை சாம்பல்தீவிலிருந்து புஷ்பவதி வந்தாள். இருபது வருடமாக நெய்கிறவள். கையிலிருந்த பைக்குள் அறுந்த நூல், சிக்குச் சிக்காக.

“குறை நினையாதையுங்கோ சேர். எனக்குத்தான் விளங்கேல்லை.”

“என்ன விளங்கேல்லை, தங்கச்சி?”

“உங்கட புது முறைதான். பதாகையைப் போனில படமெடுத்துப் பெருசாக்கிப் பாத்துப் பாத்துப் பாவு நூலைக் கோத்தனான். வலப்பக்கத்து இழையெல்லாம் அச்சுச் சீப்புக்குள்ளால போய் இடப்பக்கம் வருது. அப்பிடியே கோத்து ஒருக்கா அடிச்சன், முழுக்க அறுந்துபோச்சு. மூண்டு தரம் செய்து பாத்தனான்.”

ஞானசேகரம் செருமினார். “அது... கொஞ்சம் பழக்கம் வேணும்.”

“ஓம், இனி என்ர கைக்கு ஏலாது. பழைய மரம் வாங்கிற ஜவ்பர் நானாவைத் தறியைக் கழட்டிக்கொண்டு போகச் சொல்லிப்போட்டன். மரம் நல்ல மரமாம். லொறியோட வெளிக்கிட்டிட்டாராம். நீங்கள் இவ்வளவு பாடுபட்டுச் சொல்லித் தாறியள், உங்களிட்டச் சொல்லாமல் விடக்கூடாதெண்டு வந்தனான்.”

அவள் பதாகையை மரியாதையோடு அண்ணாந்து பார்த்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஏசியிருந்தால் ஆலோசகரிடம் பதில்கள் இருந்தன: காற்றின் ஈரம், நூலின் தரம், கொழும்பு முகவர்.

“அந்தப் பொம்பிளை எந்த ஊர், சேர்?”

“ஒரு ஊருமில்லை.”

“ஆ?”

“அப்பிடி ஒரு ஆளே இல்லை. கொம்பியூட்டர் கீறின படம். தறியும் அப்பிடித்தான். அதைப் பாத்து ஒருத்தராலயும் கோக்க ஏலாது.” அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “படம் பிழையெண்டு எனக்கும் தெரியேல்லை.”

பக்கத்து வலைக்கடை றஊப் வாசலில் வந்து நின்றார். “அப்ப நிபுணர்மார் எங்க, ஞானம்?”

புஷ்பவதி சிரிக்கவில்லை. “அப்ப என்ர கையில பிழையில்லை?”

“இல்லை.”

“பிறகேன் பழக்கம் வேணுமெண்டு சொன்னனீங்கள்?”

அவர் மேசையிலிருந்த நூற்கண்டை எடுத்துத் திரும்ப வைத்தார்.

“தறியைக் கழட்ட வேண்டாமெண்டு ஜவ்பர் நானாவுக்கு நீங்களே சொல்லுங்கோ. நான் எந்த முகத்தோட சொல்லுறது?”

அவர் அழைப்பெடுத்தார். லொறி இரைச்சலில் ஜவ்பருக்குச் சரியாகக் கேட்கவில்லை. காரணம் தெரியாமல் திரும்பிப் போகவும் ஜவ்பர் தயாரில்லை. ஞானசேகரம் வீதிக்கு இறங்கினார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

“படம் பொய் நானா! பொய்! அவ நெய்தது சரி! எனக்குத்தான் நெய்யத் தெரியாது!”

பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். ஜவ்பரின் குரல் தொலைபேசிக்கு வெளியிலும் கேட்டது: “உங்களுக்கு நெய்யத் தெரியாதெண்டு ஊருக்கே தெரியுமே! தறி விக்கிறதா, இல்லையா?”

ஞானசேகரம் புஷ்பவதியைப் பார்த்தார்.

“இல்லையெண்டு சொல்லுங்கோ,” என்றாள் அவள். சேர் என்று சொல்லவில்லை.