கிறேஸ் கடையின் கூரை

வெளியே போனால் கடை போய்விடும். கிறேசுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் பெரிய வெள்ளியன்றும் கோயிலுக்குப் போகாமல், அடுப்பும் மூட்டாமல், தன் தேத்தண்ணிக் கடைக்குள் உள்தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு செபமாலையும் கையுமாக இருந்தாள்.

வெளியே, வவுனியாப் பட்டினத்தின் நட்ட நடுவில், ஒரு வெறுங்காணி. தை மாதம் வரை அங்கே புடைவைக்கடை, தையல்கடை, சைக்கிள் திருத்தும் கடை என்று ஒரு வரிசையே இருந்தது. காணிச் சொந்தக்காரர் பரமலிங்கம் முதலாளி அங்கே மூன்று மாடி எழுப்பப் போகிறார். கீழே கடைகள், நடுவில் கொழும்பு வங்கியொன்றின் கந்தோர், உச்சியில் வழக்குப் பேசும் அப்புக்காத்துமாருக்கு அறைகள். "அண்ணாந்து பாத்துக் கழுத்துச் சுளுக்கப் போகுது உங்களுக்கு" என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிந்தார். மற்றவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். நடுக்காணியில் கிறேசின் தகரக் கூரை மட்டும், பிடுங்க மறந்த பல்லாக நின்றது.

ஆள் இருக்கும் கடையைப் பிரித்தால் பொலிஸ் வரும். ஆள் இல்லாத கடையைப் பிரித்தால்? கோர்ட்டு, வழக்கு என்று இழுபட்டு முடிவதற்குள் மூன்றாம் மாடிக்கு வெள்ளையும் அடித்து முடிந்துவிடும். சித்திரை வருசம் பிறந்த கையோடு, வருகிற திங்கட்கிழமை அத்திவாரத்துக்கு நாள் பார்த்தாயிற்று. புருசனைக் கடல் கொண்டுபோன பிறகு, முல்லைத்தீவை விட்டு வந்து அவள் கால் ஊன்றிய இடம் இது. இதைவிட்டால் அவளுக்கு வேறு அடுப்பு இல்லை.

கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"அக்கா! கிறேசக்கா! நான் நடராசா. திறவுங்கோ!"

லொறிக்கார நடராசா. தினமும் அவள் கையால் தேத்தண்ணி குடிப்பவன். முல்லைத்தீவுப் பக்கம் லொறி ஓட்டுகிறவன். திறந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தான்.

"யாக்கோப்பண்ணை செத்துப் போட்டார் அக்கா."

"ஆர்?"

"உங்கடை அண்ணைதான். ராத்திரி நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுந்தவராம். நான் முல்லைத்தீவிலையிருந்து வெளிக்கிடேக்கை கோயிலிலை துக்கமணி விடாமல் அடிக்குது. என்ரை காதாலை கேட்டனான். உங்களுக்காகத்தான் வைச்சுக்கொண்டிருக்கினம். ஓடுங்கோ, பஸ் நிக்குது. நானே ஏத்திக்கொண்டு போவன், ஆனால் மதவாச்சிக்குச் சாமான் இறக்க வேணும்."

கிறேசுக்குக் கதவை இழுத்துப் பூட்டியது நினைவில்லை. பஸ்ஸில் ஏறியதும் நினைவில்லை. யன்னலோரம் இருந்து சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதாள். ஒட்டுசுட்டான் தாண்டி, காடு தாண்டி, எப்போது போய்ச் சேர்வது? அண்ணன் முகத்தை மூடிவிடுவார்களோ?

அரை மணி கழித்துத்தான் பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. அப்போது கோயில் பக்கமிருந்து ஒரு சத்தம். டக்... டக்... டக்... பலகையில் கட்டையால் தட்டிச் சிலுவைப்பாதைக்குச் சனத்தைக் கூப்பிடுகிறார்கள்.

கிறேசின் அழுகை நின்றது.

மணி அடிக்கவில்லை. எப்படி அடிக்கும்? பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணியின் வாயைக் கட்டிவிடுவார்கள். ஆண்டவர் உயிர்த்தெழும் வரை சாவுக்கும் அடிக்காது, சண்டைக்கும் அடிக்காது. வவுனியாவிலும் அப்படித்தான், முல்லைத்தீவிலும் அப்படித்தான். அப்படியென்றால் நடராசா கேட்டது எந்த மணி?

"நிப்பாட்டு! தம்பி, நிப்பாட்டு!"

"செத்தவீட்டுக்கெண்டுதானே ஏறினீங்கள்?" கொண்டக்டர் எரிந்து விழுந்தான்.

"செத்தது ஆரெண்டு பாத்திட்டு வாறன், விடு!"

குதித்து இறங்கி ஓடினாள். ஓடும்போதே நெஞ்சுக்குள் ஒரு முள். ஒருவேளை மணி மட்டும் பொய்யாக இருந்து, அண்ணன் உண்மையாகவே கிடத்தப்பட்டிருந்தால்? அடுத்த பஸ் நாளைக்குத்தான். ஆனாலும் நிற்கவில்லை.

காணியில் தகரம் கழற்றும் சத்தம் காதைப் பிளந்தது. கூரையின் அரைவாசி போய்விட்டது. கீழே குடை பிடித்தபடி பரமலிங்கம் முதலாளி. அவருக்குப் பக்கத்தில், கழற்றிய தகரங்களை ஏற்றிக்கொண்டு, மதவாச்சிக்குப் போயிருக்க வேண்டிய லொறி!

"நடராசா!"

கையிலிருந்த தகரம் நழுவி அவன் காலடியில் விழுந்தது. கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த சனம் தெருவில் நின்றது. எதிர்க்கடை ஏரம்புவும் படியிறங்கி வந்தார்.

"என்ரை அண்ணனுக்கு அடிச்சது எந்த மணியடா?"

"கோ... கோயில் மணிதான் அக்கா."

சனத்துக்குள் நின்ற இரஞ்சிதம் சீறினாள். "நேற்றுக் கட்டின மணியை ஆரடா அவிட்டது? பெரிய வெள்ளியிலை எந்தக் கோயிலடா மணி அடிக்கும்?"

நடராசா முதலாளியைப் பார்த்தான். முதலாளி குடையைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கென்னெண்டு தெரியும் அக்கா, உங்கடை வேதத்திலை இப்பிடியொரு வழக்கம் இருக்கெண்டு? மணியையும் சேத்துச் சொல்லு, அப்பத்தான் நம்புவா எண்டு முதலாளிதான் சொன்னவர். யாக்கோப்பண்ணை கல்லுமாதிரி இருக்கிறார். நேற்றும் கண்டனான்."

கிறேஸ் லொறியைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய்ச்சாவு சொல்லிப் போடுற அத்திவாரம் நிக்குமோ முதலாளி?" ஏரம்பு அடித்தொண்டையில் கேட்டார். "அதுவும் வருசம் பிறந்த சூட்டோடை!"

முதலாளிக்கு முகம் வெளிறியது. கூடிநின்ற சனம் அவரைச் சுற்றி நெருங்கியது. "பிள்ளை, இதைப் பெரிசாக்காதை. தகரத்தைத் திருப்பிப் போடச் சொல்லுறன்."

"வேண்டாம். கழட்டினது கழட்டினபடி கிடக்கட்டும். உங்கடை மாடியிலை றோட்டுப் பக்கத்து முதல் கடை எனக்கு. மற்றப் பக்கத்தாலை கட்டிக்கொண்டு வாங்கோ. அந்தக் கடைப் பூட்டின்ரை திறப்பு என்ரை கையிலை வருமட்டும் நான் இந்த நாலு சுவருக்குள்ளைதான்."

"அது பாங்குக்காரர் படி வைக்கக் கேட்ட இடம்!"

"படியை அங்காலை தள்ளுங்கோ. பாங்குக்காரருக்கும் தேத்தண்ணி விடாய் வரும்."

யாரோ சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. சனத்தைப் பார்த்தார்; திங்கட்கிழமையை நினைத்தார்.

"சரி. முதல் கடை."

"காது கேக்கேல்லை."

"முதல் கடை உனக்குத்தான்!" என்று கத்தினார்.

தெரு முழுக்கக் கேட்டது. அது போதும்.

கிறேஸ் நடராசாவிடம் திரும்பினாள். "லொறியைத் திருப்பு. போய் என்ரை அண்ணனை ஏத்திக்கொண்டு வா. அவரை உயிரோடை இந்த வாசலிலை இறக்குமட்டும் உனக்கு இங்கை ஒரு சொட்டுத் தேத்தண்ணி இல்லை."

அவன் மறுபேச்சில்லாமல் தகரங்களை இறக்கத் தொடங்கினான். டக்... டக்... கோயிலில் பலகை மறுபடியும் கூப்பிட்டது.

"வாறியோ கிறேஸ்?" என்றாள் இரஞ்சிதம். "கதைச்சு முடிஞ்சுதே."

கிறேஸ் முதலாளியின் முதுகை ஒருமுறை பார்த்தாள்.

"எனக்கும் சேத்துச் செபி" என்றாள். பிறகு கூரையில்லாத கடைக்குள் போய் உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.